சுவான்சௌ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனக் கடல் வணிகம் என்று பேச்செடுத்தால் தமிழ் வாசகர்கள் முதலில் கேட்பது சுவான்சௌவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டைப் பற்றித்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கல்வெட்டை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் அது ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்காது. அந்த ஊர் எப்படி வளர்ந்தது, யாரையெல்லாம் உள்ளே விட்டது, எதனால் நொடித்தது என்பதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதனால் துறைமுகத்தின் கதை முதலில், கல்வெட்டு பிறகு.

சுவான்சௌ எங்கே இருக்கிறது? குவாங்சௌவும் இதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. குவாங்சௌ தெற்கே குவாங்டோங் மாகாணத்தில் இருப்பது; ஆங்கிலேயர் காண்டன் என்று அழைத்த ஊர். சுவான்சௌ அதற்கு வடகிழக்கே, ஃபூஜியன் மாகாணக் கடற்கரையில், தைவான் நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது. ஜின் ஆறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய நகரம். இணையத் தமிழ்க் கட்டுரைகளில் இந்த இரண்டு பெயர்களும் குழம்பிக் கிடப்பதால், படிக்கும்போது எந்த ஊரைச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சைத்தூன் என்பதும் இதே ஊர்தானா?

ஆம். அரபு வணிகர்களும் மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் அந்தப் பெயரில்தான் எழுதினார்கள். பத்தாம் நூற்றாண்டில் ஊரின் மதிலை விரித்துக் கட்டியபோது சுற்றிலும் சித்தோங் மரங்களை நட்டார்கள். நம் ஊரில் கல்யாண முருங்கை என்கிறோமே, அதே இனம்தான். அந்த மரத்தின் பெயரே ஊருக்கும் ஆகி, அரபு வாயில் சைத்தூன் ஆனது.

இந்த ஊர் ஏன் இவ்வளவு பெரிய துறைமுகமாக வளர்ந்தது?

ஃபூஜியன் முழுக்க மலை. ஆற்றோரம் கொஞ்சம் வயல், மற்றதெல்லாம் மேடும் காடும். மக்கள்தொகை பெருகப் பெருக நிலம் போதவில்லை. மண் கொடுக்காததைக் கடலில் தேடினார்கள்.

ஆனால் ஏழ்மை மட்டும் எந்த ஊரையும் துறைமுகமாக்கிவிடாது. அரசாங்கம் எடுத்த ஒரு முடிவும் சேர்ந்துகொண்டது. அப்போது சீனாவை ஆண்ட சோங் அரசு 1087ஆம் ஆண்டு இங்கே கடல் வணிக அலுவலகத்தைத் திறந்தது. அதற்கு முன் இந்த வட்டாரத்து வணிகர் வெளிநாடு போக வேண்டுமானால், அலுவலகம் இருந்த வேறு துறைமுகத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். பருவக்காற்றை நம்பி ஓடும் கப்பலுக்கு அந்தச் சுற்று சில சமயம் ஒரு வருட நட்டம். அலுவலகம் சொந்த ஊருக்கே வந்ததும் பெரிய தடை நீங்கியது.

அடுத்த திருப்பம் போரால் வந்தது. 1127இல் வடசீனம், வடக்கிலிருந்து படையெடுத்து வந்த ஜுர்ச்சென் இனத்தார் கைக்குப் போனது. சோங் அரசவை தெற்கே ஓடிவந்து, 1138இல் இன்றைய ஹாங்சௌவைத் தலைநகராக்கியது. பாதி நாட்டை இழந்த அரசுக்குக் கடல் வழி வருமானம் இன்றியமையாததாகிவிட்டது. அரச குடும்பத்தின் ஒரு பெரிய கிளையும் சுவான்சௌவிலேயே குடியமர்த்தப்பட்டது. வாசனைப் பொருளும் முத்தும் தந்தமும் வாங்கக் கையில் காசுள்ள ஆட்கள் ஊருக்குள்ளேயே வந்துவிட்டார்கள்.

கடல் வணிக அலுவலகம் என்ன வேலை பார்த்தது?

நம் கால சுங்கத்துறை, துறைமுக ஆணையம், அரசுக் கொள்முதல் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் கப்பலுக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். யார் போகிறார்கள், என்ன சரக்கு, எந்த நாடு என்றெல்லாம் அதில் பதிவாகும். திரும்பி வரும் சரக்கில் ஒரு பங்கை வரியாக எடுப்பார்கள். பொதுவாகப் பத்தில் ஒன்று. காலத்தையும் சரக்கையும் பொறுத்து ஏறும், இறங்கும். சில பொருள்களை அரசே விலை வைத்து வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை வணிகர் சந்தையில் விற்கலாம்.

இந்த அதிகாரிகளுக்கு இன்னொரு கடமையும் இருந்தது: காற்றுக்காக வேண்டிக்கொள்வது. ஊருக்கு மேற்கே ஜியூரி என்ற குன்றில் ஆண்டுக்கு இருமுறை அரசுச் சடங்கு நடக்கும். வாடைக்காற்றில் கப்பல்கள் தெற்கே புறப்படும். தென்மேற்குப் பருவக்காற்றில் திரும்பும். இரண்டுக்கும் தனித்தனி வேண்டுதல். சடங்கு முடிந்ததும் யார் யார் வந்திருந்தார்கள், எந்த நாள் என்று பாறையில் வெட்டி வைத்தார்கள். 1174 முதல் 1266 வரையிலான அந்தப் பாறை எழுத்துகளை இன்றும் படிக்கலாம். ஒரு துறைமுகத்தின் நாட்குறிப்பு பாறையிலேயே கிடைப்பது அரிது.

சுவான்சௌவிலிருந்து இந்தியா வர எத்தனை நாள் ஆகும்?

1225இல் இங்கே கடல் வணிக அதிகாரியாக இருந்த ஜாவ் ருகுவா, வெளிநாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். அவர் கணக்குப்படி, சுவான்சௌ கப்பல் நாற்பது நாளுக்குச் சற்று மேல் ஓடி சுமத்ராவின் வடமுனையை அடையும். அங்கேயே காற்று மாறும் வரை தங்கல். அடுத்த ஆண்டு மறுபடி பாய் விரித்தால் ஒரு மாதத்தில் கொல்லம். ஆகக் கடலில் ஓடுவது மூன்று மாதத்துக்கும் குறைவுதான். காற்றுக்காகக் காத்திருப்பதுதான் நீண்டது. வெளியூர் வணிகர்கள் துறைமுகங்களில் மாதக்கணக்காகத் தங்கியதற்கும், வீடு கட்டியதற்கும், கோயிலும் பள்ளிவாசலும் எழுப்பியதற்கும் இந்தக் காத்திருப்பு முக்கியமான காரணம்.

என்ன சரக்கு வந்தது, என்ன போனது?

போனது பீங்கான், பட்டு, இரும்பு. தெஹுவா மலைப்பகுதிச் சூளைகளில் சுட்ட வெண்பீங்கானும், ஊருக்கு அருகே சீசாவ் சூளைகளின் பாத்திரங்களும், அன்ஷி பகுதியில் உருக்கிய இரும்பும் ஆற்று வழியே துறைக்கு இறங்கின. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்திலும், தூத்துக்குடிப் பக்கம் காயல்பட்டினத்திலும் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வந்தது என்ன என்பதற்கு ஏட்டுச் சான்றை விடப் பெரிய சான்று சேற்றுக்குள் இருந்தது. 1974இல் ஹௌஜூ துறையில் ஒரு சோங் காலக் கப்பலைத் தோண்டி எடுத்தார்கள். மேற்பகுதி அழிந்துபோய் மிஞ்சிய உடல் மட்டும் 24 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். உள்ளே தடுப்புப் பலகைகளால் பிரிக்கப்பட்ட 13 அறைகள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்ற அறைகள் கப்பலை மிதக்கவைக்கும்.

அந்த அறைகளில் 2,000 கிலோவுக்கு மேல் வாசனைக் கட்டைகள். கூடவே மிளகு, பாக்கு, சோழி, சாம்பிராணி வகைகள், அம்பர். எந்த மூட்டை யாருடையது என்று எழுதிக் கட்டிய மரச்சீட்டுகளும் இருந்தன. கிடைத்த காசுகளை வைத்து, 1270களில் ஊர் திரும்பிய கப்பல் என்று கணிக்கிறார்கள். சரக்கோடு சொந்தத் துறைக்கு வந்து சேர்ந்தும் இறக்க ஆளில்லாமல் போனதேன்? அந்த ஆண்டுகளில்தான் சோங் அரசு கவிழ்ந்து மங்கோலியர் உள்ளே வந்தார்கள். அந்தக் கதை கீழே.

பாலங்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

துறைக்குச் சரக்கு வர வழி வேண்டுமே. இந்தக் கடற்கரை கழிமுகங்களால் துண்டு துண்டாகக் கிடந்தது. லுவோயாங் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் 1053 முதல் 1059 வரை கட்டிய கற்பாலம் அந்தக் காலத்துப் பொறியியலின் உச்சம். ஆளுநர் சாய் ஷியாங் மேற்பார்வையில் அது முடிந்தது. முதலில் ஆற்றின் குறுக்கே கல்லைக் கொட்டி அகலமான அடித்தளம் போட்டார்கள். பிறகு அதன் மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி கல்லோடு ஒட்டி வளர்ந்து கற்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். உயிருள்ள சாந்து! அதனால் அந்தப் பாலத்தடியில் சிப்பி எடுக்கக்கூடாது என்று தடை இருந்தது. பிறகு 1138 முதல் 1151 வரை கட்டிய ஆன்பிங் பாலம் சுமார் 2 கிலோமீட்டர் நீளம், எல்லாம் கல்.

எந்தெந்த நாட்டவர் இங்கே வாழ்ந்தார்கள்?

அரபியர், பாரசீகர், தென்னிந்தியர், கிழக்குத் தீவுகளின் மக்கள், மங்கோலியர் காலத்தில் ஐரோப்பியரும்கூட. ஹிஜ்ரி 400இல், அதாவது 1009-10இல் கட்டியதாகத் தன் அரபுக் கல்வெட்டிலேயே சொல்லும் சிங்ஜிங் பள்ளிவாசலின் கல்வாயில் இன்றும் நிற்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் கத்தோலிக்க ஆயர் ஒருவர் இங்கே இருந்தார். பெருஜியாவைச் சேர்ந்த அந்திரேயா என்ற அவரது கல்லறைக்கல் கிடைத்திருக்கிறது. அருகே ஜின்ஜியாங்கில் உள்ள சாவோஆன் கோயிலில், மற்ற இடங்களில் அழிந்தே போன மானி சமயத்தின் நிறுவனர் மானியின் 1339ஆம் ஆண்டுக் கற்சிலை வழிபாட்டில் இருக்கிறது. உள்ளூர்க் கடலோடிகளின் தாய்த்தெய்வம் மாசூவுக்கும் 1196இல் எழுந்த கோயில் உண்டு.

இந்தியத் தொடர்பு தமிழ்க் கல்வெட்டுக்கு முந்தியது. 980களில் கடல் வழியாக வந்த இந்தியத் துறவி ஒருவர், வெளிநாட்டு வணிகர்கள் தந்த பொன்னையும் பொருளையும் கொண்டு நகரின் தென்பகுதியில் நிலம் வாங்கிப் பௌத்த விகாரை கட்டினார் என்று ஜாவ் ருகுவா குறித்திருக்கிறார். மலபார்க் கரையிலிருந்து வந்த தந்தையும் மகனும் நகரின் தெற்கே வசித்ததையும் அவரே சொல்கிறார்.

தமிழ்க் கல்வெட்டு என்ன சொல்கிறது?

1956இல் வெளிப்பட்ட கல் அது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம்; அதாவது 1281 ஏப்ரல். அரனை வணங்கித் தொடங்குகிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசைக் கானின் ஆணைப்படி, அந்தக் கானின் திருமேனி நன்றாக இருக்க வேண்டும் என்று திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. செகசைக் கான் என்பது குப்ளாய் கான் என்பதே பெரும்பாலான ஆய்வாளர் முடிவு. தமிழுக்குக் கீழே சீன எழுத்திலும் ஒரு வரி உண்டு. டி. என். சுப்பிரமணியன் இதை வாசித்து வெளியிட்டார். பின்னர் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் ஆராய்ந்தார்.

நம் ஊர்க் கோயில்களில் மன்னன் உடல் நலத்துக்காக விளக்கு வைத்ததை, நிலம் விட்டதை எத்தனையோ கல்வெட்டுகள் சொல்கின்றன. அதே வழக்கம், அதே சொற்கட்டு, சீனக் கடற்கரையில் ஒரு மங்கோலியப் பேரரசனுக்காக. எந்த ஊரில் பிழைப்போ அந்த ஊர் அரசனுக்காகத் தன் சாமியிடம் வேண்டிக்கொள்கிறார் சம்பந்தப் பெருமாள். இதைப் படிக்கும்போது எனக்கு வரும் பெருமை, படைகொண்டு வென்ற கதைகள் எதிலும் வருவதில்லை.

அதே ஆண்டுத் தொடக்கத்தில் குப்ளாயின் தூதர் யாங் திங்பி இதே சுவான்சௌவிலிருந்து கப்பலேறினார். மூன்று மாதம் ஓடி இலங்கையை அடைந்து, எதிர்க்காற்றாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் மாபார் கரையில், அதாவது பாண்டிய நாட்டில் ஒதுங்கினார் என்கிறது மங்கோலியர் சீனாவில் நிறுவிய யுவான் அரசின் வரலாற்று நூல். அங்கே சித்திரையில் சிவனை எழுந்தருளச் செய்த வேளையில், இங்கே சீனத் தூதர் பாண்டிய நாட்டுக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோயிலைச் சோழர்கள் கட்டினார்களா?

இல்லை. சமூக ஊடகங்களில் திரும்பத் திரும்ப வரும் தவறு இது. 1281இல் சோழ அரசே இல்லை. கடைசிச் சோழ மன்னன் மூன்றாம் ராஜேந்திரனின் காலம் 1279 வாக்கில் முடிந்துவிட்டது. தமிழகத்தில் அப்போது மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி. கல்வெட்டோ எந்தத் தமிழ் மன்னன் பெயரையும் சொல்லவில்லை.

வணிகர்களின் உலகத்தில் வைத்துத்தான் இதைப் புரிந்துகொள்ள முடியும். சுமத்ராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அதன் ஆண்டு 1088. சுவான்சௌ அலுவலகம் திறந்த மறு ஆண்டு. இந்தக் குழுக்கள் அரசன் மாறினாலும் தொழிலை விடாதவை. நாகப்பட்டினமோ காயலோ கொல்லமோ, அங்கிருந்து சுமத்ரா, அங்கிருந்து சுவான்சௌ என்று துறை துறையாக ஆள் வைத்திருந்தார்கள். மன்னர் பெயரை ஒட்டவைப்பது அவர்கள் உழைப்பை மறைப்பதாகும்.

எதிர்த் திசையிலும் போக்குவரத்து இருந்தது. சுவான்சௌவிலிருந்து கப்பலேறிய வாங் தாயுவான், நாகப்பட்டினத்தில் சீன எழுத்துப் பொறித்த செங்கல் கோபுரம் ஒன்றைக் கண்டதாக 1349இல் முடித்த நூலில் எழுதினார். அதன்படி கோபுரம் 1267இல் கட்டி முடிந்தது.

அந்தச் சிவன் கோயில் இப்போது எங்கே?

கோயிலாக இல்லை, கற்களாக ஊர் முழுக்கச் சிதறியிருக்கிறது. கைய்யுவான் பௌத்த விகாரையின் பெரிய மண்டபத்துக்குப் பின்னால் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு நிற்கின்றன. நரசிம்மர், கண்ணனின் விளையாட்டுகள் எல்லாம் அவற்றில் வட்டச் சிற்பங்களாக உள்ளன. மண்டபத்தின் முன்மேடை அடியில் 73 சிற்பப் பலகைகள். மங்கோலியருக்குப் பின் வந்த மிங் அரசின் காலத்தில் விகாரையைப் புதுப்பித்தபோது இடிந்த கோயிலின் கற்களை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கடல்வழி அருங்காட்சியகத்தில் லிங்கத்தை வழிபடும் யானையும், லிங்கத்தின் மேல் பால் சொரியும் பசுவும் உள்ள பலகைகள் இருக்கின்றன. திருவானைக்கா கதை தெரிந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. கல் உள்ளூர்க் கல்; உளியும் பெரும்பாலும் உள்ளூர்ச் சிற்பிகளுடையதாகவே தெரிகிறது, ஓரப் பூவேலைகளில் சீனக் கை நன்றாகப் புலப்படுகிறது.

சேதியன் என்ற சிற்றூரில் நான்கு கைகளுள்ள இந்தியத் தெய்வச் சிலை ஒன்றை ஊரார் பௌத்தக் கருணைத் தெய்வமான குவான்யின் என்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

பூ ஷோகெங் யார்? அவரைத் துரோகி என்கிறார்களே?

வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் வணிகக் குடும்பத்தவர். பெரும் கப்பல் முதலாளி. சோங் அரசின் கடல் வணிக அதிகாரியாகவும் இருந்தார். 1276இல் தலைநகரை மங்கோலியர் பிடித்ததும், தப்பி ஓடிய சிறுவன் பேரரசனோடு சோங் கப்பற்படை சுவான்சௌவுக்கு வந்தது. தளபதி ஜாங் ஷிஜியே, பூவின் கப்பல்களையும் சொத்தையும் பறித்துக்கொண்டார். பூ ஊர்க் கதவை அடைத்து, மங்கோலியர் பக்கம் சாய்ந்து, நகரில் இருந்த சோங் அரச குடும்பத்தாரைக் கொன்று குவித்தார்.

துறைமுகம் தப்பியது, கைமாறிய பிறகும் வணிகம் பெருகியது என்பது உண்மை. அதை வைத்து அந்தக் கொலைகளை நியாயப்படுத்த முடியாது. ஊரின் பொற்காலம் இரத்தத்தில் கால் நனைத்துத்தான் தொடங்கியது என்பதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பொய்யாகிவிடும்.

மார்க்கோ போலோ என்ன சொன்னார்?

கிறித்தவ நாடுகளுக்காக அலெக்சாண்டிரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால், சைத்தூனுக்கு நூறு கப்பல் வருகிறது என்றார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம், வியப்பு உண்மையானது. மங்கோலிய இளவரசி கோகச்சினைப் பாரசீகத்துக்கு அழைத்துச் செல்லும் குழுவோடு 1290களின் தொடக்கத்தில் அவர் சீனாவை விட்டுக் கிளம்பியதும் இங்கிருந்துதான். 1340களில் வந்த இபின் பதூதா, ஏறக்குறைய நூறு பெரிய கப்பல்களையும் எண்ணற்ற சிறு மரக்கலங்களையும் துறையில் பார்த்ததாகச் சொன்னார்.

பிறகு ஏன் வீழ்ந்தது?

வண்டல் மண் சேர்ந்து துறை தூர்ந்தது என்று ஒற்றைக் காரணம் சொல்வார்கள். தூர்ந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே மனிதர்கள் அதைக் கெடுத்துவிட்டார்கள்.

1357 முதல் 1366 வரை ஊரில் உள்நாட்டுப் போர். யுவான் ஆட்சி தளர்ந்தபோது, இங்கிருந்த பாரசீகக் காவற்படை கிளர்ந்தெழுந்து நகரைப் பிடித்தது. பத்தாண்டு அடித்துக்கொண்ட பின் படை தோற்றது. வெற்றி பெற்றவர்கள் வெளிநாட்டார் எல்லாரையும் வேட்டையாடினார்கள். முகச்சாயலைப் பார்த்தே கொன்றதாகக் குடும்ப வரலாறுகள் சொல்கின்றன. தமிழ் வணிகர் கோயிலும் ஏறத்தாழ இந்தக் காலத்தில்தான் அழிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். மூன்று நூற்றாண்டுகளாக வந்து தங்கியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் செத்தார்கள், ஓடினார்கள், அல்லது பெயரையும் வழக்கத்தையும் மாற்றிக்கொண்டு கிராமங்களில் ஒடுங்கினார்கள். செந்தாய் ஊரின் திங் குடும்பத்தாரும் பாய்ச்சி ஊரின் குவோ குடும்பத்தாரும் அப்படித் தப்பியவர்களின் வழித்தோன்றல்கள்.

அடுத்து வந்த மிங் அரசு 1371இல் தனியார் கடல் வணிகத்தையே தடை செய்தது. மிங் கடற்தளபதி ஜெங் ஹேயின் பெரும் கப்பல் பயணங்கள் அரசின் பயணங்கள். வணிகருக்குக் கதவு திறக்கவில்லை. அவரே 1417இல் இங்கே லிங்ஷான் குன்றின் முஸ்லிம் கல்லறைகளில் வழிபட்டதாக ஒரு கல் சொல்கிறது. 1470களில் அலுவலகம் ஃபூசௌவுக்குப் போனது. 1567இல் தடை தளர்ந்தபோது வாய்ப்பு கிடைத்தது சுவான்சௌவுக்கு அல்ல, தெற்கே ஜாங்சௌ பக்கத்து யுவேகாங் துறைக்கு. பிறகு ஷியாமென் எழுந்தது. 1661 முதல், மிங்குக்குப் பின் வந்த சிங் அரசு, தைவானைப் பிடித்திருந்த ஜெங் செங்கோங்கை ஒடுக்கக் கடற்கரை மக்களையே உள்நாட்டுக்குக் கிளப்பிவிட்டது. மீனவனுக்குக்கூடக் கடல் இல்லை.

ஊர்க்காரர்கள் என்ன ஆனார்கள்?

கப்பல் வருவது நின்றதும் அவர்களே கப்பலேறினார்கள். மணிலா, மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு ஃபூஜியன் மொழியான ஹொக்கியன் பேசும் அக்கம்பக்கத்தார் புதியவர்கள் அல்ல. அவர்களில் பலரின் பூர்வீகம் சுவான்சௌவும் அதைச் சுற்றிய ஊர்களும்தான்.

இந்தக் கற்களைக் காப்பாற்றியது யார்?

வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நகர மதிலை இடித்தபோது, உள்ளேயிருந்து அரபு, சிரியாக், லத்தீன் எழுத்துள்ள கல்லறைக்கற்களும் இந்துச் சிற்பங்களும் கொட்டின. பழைய கற்களை மதிலுக்கே நிரப்பாகப் போட்டிருந்தார்கள். கல்தச்சர்கள் அவற்றை உடைத்து விற்பதற்குள் அவர் சொந்தக் காசில் வாங்கிச் சேர்த்தார். பிறகு அரசுக்கே கொடுத்துவிட்டு, 1957இல் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். 1959இல் கடல்வழி அருங்காட்சியகம் அமைந்தது. இவர் இல்லையென்றால் மேலே எழுதியதில் பாதியை எழுதியிருக்க முடியாது. தமிழ்நாட்டில் இவர் பெயர் அதிகம் தெரியாமல் இருப்பது வருத்தம்தான்.

இப்போது போனால் எதைப் பார்க்கலாம்?

2021 ஜூலையில் சுவான்சௌவின் 22 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க முயல வேண்டாம். முதலில் கைய்யுவான் விகாரை: பதின்மூன்றாம் நூற்றாண்டு இரட்டைக் கற்கோபுரங்களைப் பார்த்துவிட்டு, மண்டபத்தைச் சுற்றிப் பின்னால் போங்கள், நம் தூண்கள் அங்கேதான். அதே வளாகத்தில் 1974இல் எடுத்த கப்பலுக்குத் தனிக் கூடம் உண்டு. அங்கிருந்து சிங்ஜிங் பள்ளிவாசல், பக்கத்திலேயே குவான்தி கோயில். அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். லுவோயாங் பாலத்துக்கு நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் தூண்களின் அடியில் சிப்பி ஒட்டியிருப்பதைக் காணலாம்.